முன்சீட்டில் அம்மா

மார்ச் 4

நட்டுவுக்கு,

காரில் சீட் பெல்ட் இருந்திருந்தால் அம்மாவின் மணிக்கட்டு உடைந்திருக்காதா? எனக்குத் தெரியவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'ஆதாரம் அக்காவே ஆதாரம் இல்லாமல் பேசுகிறாள்' என்று நீ ஆரம்பித்துவிடுவாய். ஒரே ஒரு விபத்தை வைத்துக்கொண்டு இது இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று என் மாணவர்கள் எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான். புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள், தம்பி விஷயம் என்பதற்காக அந்த வட்டத்தை அழித்துவிட முடியாது.

போனில் பேசியிருக்கலாம். நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போன் இல்லாமலே அதுதான் நடந்தது.

அம்மா நலம். நெற்றித் தையல் பிரித்தாயிற்று. மாவுக்கட்டு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள். பாதி மடியில் விழுகிறது. ஊட்டிவிடட்டுமா என்று கேட்டால், "ஏன், எனக்கு இன்னும் பல்லு முளைக்கலையா?" என்கிறாள். நான் கல்லூரிக்குப் போய்விட்டால் மாலை வரை நான்காவது மாடியில் தனியாக இருக்கிறாள். சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே போகும் கார்களைப் பார்க்கிறாள். "எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி இருக்கு. ஒண்ணுக்காவது முகம் இருக்கா பாரு" என்று நேற்றுச் சொன்னாள். அப்புறம், "மருமக எப்படி இருக்கான்னு அவனைக் கேட்டியா?" கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட மகனின் அறுபது வயதுக் காருக்கு அவள் வைத்த பெயர் முன்பெல்லாம் எனக்கும் சிரிப்பு மூட்டும்.

நடந்ததாக நீங்கள் இருவரும் சொன்னது இது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு வழக்கம்போலச் சுற்றக் கிளம்பினாய். வலதுபக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் பாய்ந்தது. பிரேக் போட்டு இடதுபக்கம் ஒடித்தாய். வண்டி நேராகத் திரும்பவில்லை, விளக்குக்கம்பத்தில் மோதியது. அம்மாவின் நெற்றியும் வலது மணிக்கட்டும் டேஷ்போர்டில் அடிபட்டன. நீ சொன்னதும் அம்மா சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தன. அப்படி ஒத்துப்போகும் சாட்சியங்களைக் கண்டால் எனக்கு நம்பிக்கை குறையும். எலும்பு டாக்டருக்கும் ஒரு சந்தேகம். முன்னால் விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், அது ஒரு விதமாக உடையும், இது முறுக்கி உடைந்ததுபோல இருக்கிறதே என்றார். "அந்தக் காலத்து டேஷ்போர்டு டாக்டர், எல்லாம் இரும்பு" என்று சொல்லி அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

கட்டுப் பிரித்ததும் உன்னிடமே போகவேண்டும் என்கிறாள். கதவுப் பூட்டு விழாமல் லிஃப்ட் ஓர் அங்குலம்கூட நகரக்கூடாது என்று பார்த்துக்கொள்வதற்குத்தான் உனக்குச் சம்பளம். அதே மனிதன் பெற்ற தாயை ஒரு கயிறுகூட இல்லாத பெஞ்சு சீட்டில் உட்காரவைத்து ஓட்டுகிறான். அந்த வண்டியில் பெல்ட் போடு, அல்லது அம்மாவை இனி அதில் ஏற்றுவதில்லை என்று சொல். இரண்டில் ஒன்று நடக்கும்வரை அம்மா இங்கேதான் இருப்பாள்.

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

உன் கடிதம் வந்துச்சு. ஒரு தடவை படிச்சேன், கோபம் வந்துச்சு. சரி, ஆறட்டும்னு வச்சிருந்து மறுபடியும் படிச்சேன், இன்னும் ஜாஸ்தியா வந்துச்சு.

முதல்ல சட்டம் பேசுவோம், உனக்குத்தான் பிடிக்குமே. ஒரு வண்டி எந்த வருஷம் பிறந்துச்சோ அந்த வருஷத்துச் சட்டந்தான் அதுக்கு. பெல்ட் கட்டாயம்னு விதி வர்றதுக்கு முன்னாடியே இது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தாச்சு. பெல்ட் இல்லாம பிறந்தது, இல்லாமலே ஓடலாம். உள்ளே உக்கார்றவங்களும் கட்ட வேண்டாம். கட்ட ஏதாவது இருந்தாத்தானே கட்டறது? அன்னைக்கு வந்த போலீஸ்காரர் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து போட்டோ எடுத்துக்கிட்டாரே தவிர, பெல்ட்டைப் பத்தி வாயே திறக்கல.

ரெண்டாவது, அது 'அசல்' பட்டியல்ல இருக்கற வண்டி. பழைய கார் கிளப்புல வருஷா வருஷம் கண்காட்சி வைக்கறாங்க. நடுவர் வந்து தரைக் கம்பளத்தைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாப்பார். புதுசா ஒரு ஓட்டை இருந்தா போச்சு, பட்டியலை விட்டு வெளியே. குப்பைக்கிடங்குல கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்த வண்டியை எடுத்து ஒன்பது வருஷம் உழைச்சிருக்கேன் அக்கா. உன் ஆராய்ச்சிக் கட்டுரையில யாராவது ஓட்டை போட்டா சும்மா இருப்பியா?

லிஃப்ட்டை இதோட சேக்காதே. லிஃப்ட்டுல ஏறுறவனை நான் பாத்ததே கிடையாது, அதனால பூட்டு வேணும். என் வண்டியில ஏறுறது என் அம்மா. அவ பக்கத்துல இருக்கும்போது நான் நாப்பதைத் தாண்டினதே இல்ல.

நீ அவளைப் பத்திரமா வச்சிருக்கே, சரி. அவளுக்கு ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி தலை சீவி, நல்ல புடவை கட்டி, பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பா. "என்னடா, மருமக இன்னும் எழுந்திரிக்கலையா?"ம்பா. வழியில போற ஆளுங்க திரும்பிப் பாத்தா, கல்யாண ஊர்வலத்துல போற மாதிரி கையாட்டுவா. அதை நீ பாத்ததில்ல.

ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் 'இவன் கையில விட்டுட்டுப் போக முடியாது'ன்னு சொன்னே. நர்ஸ் ஒருத்தங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே, திருடனைக்கூட அப்படிப் பாக்கமாட்டாங்க.

கை எப்படி உடைஞ்சுதுன்னு டாக்டர் கேட்டாராம், அதை எனக்கு ஏன் எழுதறே? உடைஞ்சுது. அவ்வளவுதான். அதைக் கிளறாதே.

நட்டு

*

மார்ச் 17

நட்டு,

விதியைத் தேடிப் படித்தேன். நீ சொன்னது சரி. நீ சொன்னது சரி என்று எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத் தெரியும், ஆகவே இன்னொரு முறை எழுதமாட்டேன்.

ஆனால் அதே பக்கத்தில் கீழே இரண்டு வரிகள் இருக்கின்றன. மூன்று வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட் இல்லாத பழைய வண்டியில் ஏற்றவே கூடாது. அதற்கு மேற்பட்ட சிறுவர்கள் பின்சீட்டில்தான் உட்காரலாம். பெல்ட் இல்லாமல் போவது ஆபத்தில்லை என்றால் குழந்தைக்கு மட்டும் ஏன் இந்தத் தடை? வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று விதி சொல்லவில்லை. வளர்ந்தவர்கள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. எழுபத்து நான்கு வயதில் எலும்பு என்ன கதியில் இருக்கும் என்று விதி எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை.

அடுத்த வரி இன்னும் வேடிக்கை. பழைய வண்டியில் பெல்ட் பொருத்திவிட்டால் அதைக் கட்டியே ஆகவேண்டும். போடாத வரைக்கும் குற்றமில்லை. போட்டுவிட்டுக் கட்டாமல் இருந்தால் அபராதம். நல்ல புத்தி வந்தவனுக்குத்தான் தண்டனை.

இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூணு வயசுக்குக் கீழே ஏத்தக்கூடாதுன்னா உன் தம்பியை ஏத்தவே முடியாதே" என்றாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

நர்ஸ் பார்த்த பார்வைக்கு வருந்துகிறேன். சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயம் தப்பா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

கையைப் பற்றிக் கிளறாதே என்கிறாய். ஏன் என்று எழுதவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்கா,

போட்டாச்சு! முன்சீட்டுல ரெண்டு பேருக்கு, இடுப்புல கட்டற பெல்ட். பழைய வண்டி உடைச்சு விக்கறவர் ஒருத்தர்கிட்ட ரெண்டு ஞாயிறு அலைஞ்சு வாங்கினேன். அந்தக் காலத்துச் சரக்கு, பக்கிள் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு. பட்டை மட்டும் புதுசா தச்சு வாங்கினேன். உன் சோப்புக்கட்டி கார்ல இருக்கற மாதிரி தோள்மேல வர்ற பட்டை இதுல முடியாது, மேலே மாட்ட இடமே இல்ல. இடுப்புக்குத்தான்.

கெட்டிக்காரத்தனம் எங்கேன்னா, போல்ட் எதுவும் வெளியே தெரியாது. கம்பளத்துக்கு அடியில அடங்கற மாதிரி சின்ன வாஷரா போட்டு முடுக்கியிருக்கேன். கிளப் தலைவரே வந்து உக்காந்து கட்டிப் பாத்துட்டு, "அடேயப்பா, கூடப் பிறந்தது மாதிரி இருக்கே"ன்னார். நடுவர் டார்ச் என்ன, சூரியனையே பிடிச்சாலும் கண்டுபிடிக்க முடியாது.

இனிமே என்ன சொல்லப்போறே? விளக்குக்கம்பத்துல நசுங்கின மட்கார்டையும் தட்டி நிமித்தியாச்சு. அம்மாகிட்ட சொல்லு, மருமக நகை போட்டுக்கிட்டுக் காத்திருக்கான்னு. கட்டு என்னைக்குப் பிரிக்கறாங்க?

நட்டு

*

ஏப்ரல் 8

நட்டு,

சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. எதில் முடுக்கியிருக்கிறாய்?

இடதுபக்கத் தரை துருப்பிடித்து உதிர்ந்து, 'உள்ளே உக்காந்தா கீழே ரோடு தெரியுது அக்கா' என்று நீதான் ஒருமுறை சொன்னாய். மெல்லிய தகட்டை வைத்து ஒட்டி, தார் பூசி மறைத்ததையும் பெருமையாகச் சொன்னாய். அது அம்மா உட்காரும் பக்கம். வண்டி சட்டென்று நிற்கும்போது அந்தப் பெல்ட் தாங்கவேண்டியது அம்மாவின் எடையை அல்ல, அதைப்போலப் பல மடங்கை. அந்தத் தகடும் உன் சின்ன வாஷரும் தாங்குமா? தாங்காது என்று நான் சொல்லவில்லை. இழுத்துப் பார்த்தாயா என்று கேட்கிறேன்.

அம்மா இங்கே பத்திரமாக இருக்கிறாள். பத்திரமாக இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. டி.வி. போடுவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பேச வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், ஒற்றைக் கையால், தலை சீவிக்கொள்கிறாள்.

அக்கா

*

ஏப்ரல் 14

அக்கா,

உன் கடிதத்தைக் கசக்கித் தூக்கிப் போட்டேன். அப்புறம் நானே எடுத்து நீவி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை பட்டறை உத்தரத்துல பாரம் தூக்கற செயின் பிளாக் மாட்டி, இடதுபக்கப் பெல்ட்டுல கொக்கி போட்டு இழுத்தேன். வண்டி லேசா அசைஞ்சுது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சட்டையில பட்டன் தெறிக்கற மாதிரி போல்ட், வாஷர் எல்லாம் தகட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. கை வலிக்கற அளவுக்குக்கூட நான் இழுக்கல.

கயிறு எவ்வளவு தாங்கும், கொக்கி எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போடறதுதான் என் பொழப்பு. லிஃப்ட்டுல இப்படி ஒருத்தன் வாஷர் போட்டிருந்தா அவனை வேலையை விட்டே அனுப்பியிருப்பேன். தெரியாம செய்யல அக்கா. கம்பளத்துக்கு மேல மேடு தெரியக் கூடாதுன்னு செஞ்சேன். பெல்ட்டே இல்லேன்னா அம்மா எதையாவது பிடிச்சுக்கிட்டு உக்காருவா. இதை நம்பி அவ கையை விட்டிருப்பா.

தரையை அறுத்து எடுக்கப்போறேன். கனமான தகடு, அடியில பெரிய தட்டு, முறையா வெல்டிங். பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுங்கன்னு கிளப் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் ஏதோ சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நீ கேட்டது நல்லதுக்குத்தான். இதை நானும் இன்னொரு தடவை எழுதமாட்டேன்.

நட்டு

*

ஏப்ரல் 21

நட்டு,

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, வேறு யாருடையதோபோல இருக்கிறது. விரல்கள் மடங்குகின்றன, டம்ளரைப் பிடிக்க இன்னும் தெம்பு வரவில்லை. தினமும் பயிற்சி செய்யவேண்டும், மறுபடியும் அடிபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார் டாக்டர்.

இதை எழுதுவது திரும்பி வரும் வழியில் நடந்ததற்காக. நான்தான் ஓட்டினேன். அம்மா பக்கத்தில். இருவரும் பெல்ட் கட்டியிருந்தோம், என் காரில் கட்டாவிட்டால் அது கத்திக்கொண்டே இருக்கும். சிக்னலில் எனக்கு முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். மோதவில்லை.

ஆனால் அம்மாவின் வலது கை என் மார்புக்கு முன்னால் வந்துவிட்டது. அன்று காலைதான் கட்டுப் பிரித்த கை. என்னை முன்னால் விழாமல் தடுக்க வந்திருக்கிறது, நட்டு. பஸ்ஸில் போகும்போது நம் இரண்டு பேருக்கும் குறுக்கே வருமே, அதே மாதிரி. அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். வலியில் "அம்மாடி" என்று கத்திய பிறகுதான் கையைப் பார்த்தாள். பார்த்ததும் சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் மூடி, சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். 

என் ஸ்டியரிங்குக்கும் மார்புக்கும் நடுவே அந்தக் கை இருந்தது. பெல்ட் அவள் உடம்பைப் பிடித்தது. கையைப் பிடிக்கவில்லை.

அன்று உன் வண்டியில் அந்தக் கை எங்கே இருந்தது? முறுக்கி உடைந்ததுபோல இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. நீ கிளறாதே என்று சொன்னதையும் மறக்கவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 29

அக்கா,

நீ கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியும். சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடினாலும் உன்கிட்டதான் முதல்ல மாட்டுவேன்.

சைக்கிள் வந்துச்சு. பிரேக் போட்டு இடதுபக்கம் ஒடிச்சேன். அதே நேரத்துல அம்மா கை என் நெஞ்சுக்கு முன்னாடி வந்துச்சு. வண்டி குலுங்கினதுல அது வழுக்கி ஸ்டியரிங் கம்பிக்கு நடுவுல போயிடுச்சு. எனக்குத் தெரியல. எதிர்ல கம்பம் நிக்குது. வலதுபக்கம் வேகமாத் திருப்பினேன். பாதியில ஸ்டியரிங் மாட்டிக்கிச்சு. ஏன் மாட்டுதுன்னு யோசிக்க நேரமில்ல. இன்னும் பலமாத் திருப்பினேன்.

சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியல.

அப்புறந்தான் கம்பத்துல மோதினோம். நெத்தி டேஷ்போர்டுல இடிச்சது நெஜம். கை டேஷ்போர்டுல படவே இல்ல. உடைச்சது நான், இந்த ரெண்டு கையால.

அம்மாவுக்கு இது தெரியாது. மயங்கிட்டா. கண்ணு முழிச்சதும், "டேஷ்போர்டுல இடிச்சுக்கிட்டேன்டா"ன்னு அவளே சொன்னா. நானும் ஆமாம்மான்னுட்டேன். வேற என்ன சொல்றது? உன் கை வந்ததாலதான் வண்டி திரும்பலேன்னு சொல்லவா? அதைக் கேட்டா அவ அன்னையோட சோறு தண்ணி விட்டுடுவா. சொல்லாம இருந்தா நீ என்னைத் திட்டுவே, அவ்வளவுதானே. உன்கிட்ட திட்டு வாங்கறது எனக்கு என்ன புதுசா?

பெல்ட் இருந்திருந்தா கை தப்பிச்சிருக்குமான்னு முதல் கடிதத்துல கேட்டிருந்தே. நெத்தி தப்பிச்சிருக்கும். கை வந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது. பெல்ட்டு போட்டா அம்மா அம்மா இல்லேன்னு ஆயிடுமா?

தரை வேலை முடிஞ்சுது. செயின் பிளாக்குல இழுத்தேன். வண்டியோட ஒரு பக்கச் சக்கரமே தரையை விட்டு எழும்புச்சு, போல்ட் அசையல. ஆனா வண்டியில ஏறினா ஸ்டியரிங்கைத் தொட முடியல. நேத்து சாவியைக்கூடப் போடாம உக்காந்துட்டு இறங்கிட்டேன். யாராவது கேட்டா வித்துடலாம்னு இருக்கேன்.

அம்மா உன்கிட்டயே இருக்கட்டும். நீ சொன்னதுதான் சரி, இவன் கையில விட முடியாது. அவகிட்ட மட்டும் எதையும் சொல்லிடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

நட்டு

*

மே 9

நட்டு,

நாளைக் காலை நீ வருகிறாய். இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும்.

நேற்றுப் போனில் நான் பேசியது உனக்கு அதட்டல்போல இருந்திருக்கும். 'அம்மா வருகிறாள், வண்டியை எடுத்துக்கொண்டு வா' என்பதற்குமேல் பேசியிருந்தால் என் குரல் உடைந்திருக்கும், ஆகவே வைத்துவிட்டேன். நீ அவளை வேண்டாம் என்று எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. "அவன் ஏன் இன்னும் கூப்பிட வரலை? மருமகளுக்கு உடம்பு சரியில்லையா, இல்ல அவனுக்கா?" என்று தினமும் கேட்டாள். முந்தாநாள் கல்லூரியிலிருந்து வந்தபோது பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். "பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு, நான் போய்க்கறேன்." டம்ளர் பிடிக்கமுடியாத கையோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவாளாம்.

ஆகவே அனுப்புகிறேன். சரியான முடிவா என்று கேட்காதே. அவள் இங்கே இருந்தால் உடம்பு தேறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆள் தேறுவாள் என்பதற்கு இல்லை. நீ இனிமேல் கவனமாக ஓட்டுவாய் என்பதை நம்புகிறேன். முன்பும் நீ கவனமாகத்தான் ஓட்டினாய் என்பதுதான் பயமாக இருக்கிறது.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். சொன்னால் கையை அடக்கிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அடுத்த பிரேக்குக்கு மறுபடியும் அந்தக் கை வரும். பாதுகாப்பு என்று பார்த்தால் சொல்வதுதான் நியாயம். நீ காலைப் பிடித்துக் கேட்டாய் என்பதற்காகத்தான் சொல்லாமல் விட்டேன். நானும் உங்களோடு வருகிறேன். பின்சீட்டில் பெல்ட் கிடையாது, விதியும் என்னைக் கண்டுகொள்ளாது. அவள் கை எழும்பினால் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று ஓர் அசட்டு எண்ணம்.

மே 11

மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. மறுநாள் நடந்ததைச் சேர்த்து எழுதுகிறேன். நீயும் அந்த வண்டியில்தான் இருந்தாய். ஆனால் நீ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இதை எழுதாதே என்பதுதான் அம்மாவின் விருப்பம். நீ சொல்லாதே என்றதை அவளிடமும், அவள் சொல்லாதே என்றதை உன்னிடமும் மறைத்துக்கொண்டு நடுவில் என்னால் நிற்க முடியாது. என் கருத்து எதையும் சேர்க்காமல் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அவளிடம் பேசுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

கீழே இறங்கியதும் அம்மா பானெட்டைத் தடவி, "என்னடி, இளைச்சுட்டே?" என்றாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நீ தரையில் மண்டியிட்டு அவளுக்குப் பெல்ட் மாட்டினாய். "நல்லா இறுக்கிக் கட்டுடா, பொட்டலம் கட்டற மாதிரி" என்றாள். பக்கிள் முதல் தடவை விழவில்லை, மறுபடியும் அழுத்தி மாட்டினாய். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி உன் பக்கம் போனாய்.

நீ சுற்றி வந்த அந்தச் சின்ன இடைவெளியில் அம்மா லேசாக எழும்பி, வலது கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வகுப்பில் வாத்தியார் சொன்னபடி கையைக் கட்டி உட்காரும் பிள்ளையைப்போல. நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பாமலே சொன்னாள்: "என்னடி பாக்கறே? அவன் வரான், சும்மா இரு."

வழி முழுக்க அந்தக் கையை எடுக்கவில்லை. டீ குடிக்க நிறுத்தினாய். "இறங்கினா மறுபடியும் கட்டணும், இங்கேயே குடு" என்று இடது கையால் வாங்கிக் குடித்தாள். "இடது கை நல்லா பழகிடுச்சு போலிருக்கே" என்று நீகூடச் சொன்னாய்.

பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டியதும் ஒருவர் பார்க்காமல் சாலையில் கால் வைத்தார். நீ பிரேக் போட்டாய். நான் முன்சீட்டின் முதுகில் போய் மோதினேன். அம்மாவைப் பெல்ட் பிடித்து நிறுத்தியது. அவளுடைய வலது தோள் ஒருமுறை துள்ளியது. கை வரவில்லை.

"அம்மா, ஒண்ணும் இல்லையே?" என்றாய்.

"ஒண்ணும் இல்லடா. மருமகளுக்கு பிரேக்கு நல்லா பிடிக்குது" என்றாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, ஓடிவந்து பக்கிளைக் கழற்றினாய். "கால் மரத்துப்போச்சு, ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு வரேன். நீ போய்ப் பெட்டியை உள்ளே வை" என்றாள். நீ போனாய்.

அப்போதுதான் கையை வெளியே எடுத்தாள். நீலம் பாரித்திருந்தது. புறங்கையில் சீட்டின் தையல் வரிவரியாகப் பதிந்திருந்தது. அதைச் சீட்டுக்கு மேலாகப் பின்னால் என்னிடம் நீட்டினாள். நீ திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்கும்வரை தேய்த்துவிட்டேன்.

அக்கா